டிரம் பிரேக் மக்கர் பண்ணுதா? பழைய அம்பாசடர், பத்மினி வச்சிருக்கவங்க எங்க இருந்து பார்க்கணும்

எங்க வீட்டு வண்டி அம்பாசடர் மார்க் 4, 1986 மாடல், அப்பா வாங்குனது, நாலு வீல்லயும் டிரம் பிரேக் தான். சென்னை நங்கநல்லூர் பக்கம் பத்மினி, ஹெரால்ட், அம்பாசடர்னு இன்னும் வச்சு ஓட்டுறவங்க அஞ்சாறு பேரு இருக்கோம், பிரேக்ல ஏதாவது ஆச்சுன்னா முதல் போன் எனக்கு தான் வரும். எடுத்த உடனே கேக்குறது "அண்ணே, மாஸ்டர் சிலிண்டர் மாத்திடலாமா?". மாஸ்டர் சிலிண்டர்னா பெடலை மிதிச்சா பிரேக் ஆயிலை வீல்களுக்கு தள்ளுற பாகம், அது கடைசியா பார்க்க வேண்டிய அயிட்டம். டிரம்மை உள்ள இருந்து அழுத்தி புடிக்கிற ஷூவோட அட்ஜஸ்ட்மெண்ட் இந்த வண்டிங்கள்ல தானா நடக்காது, நாம தான் கை வைக்கணும், அதை மூணு வருஷமா யாரும் தொடாம விட்டுட்டு பிரேக் புடிக்கலன்னா மாஸ்டர் சிலிண்டர் என்ன பண்ணும்? அதனால உங்க வண்டி என்ன பண்ணுதுன்னு பார்த்து, அந்த தலைப்புக்கு கீழ இருக்குறதை மேல இருந்து வரிசையா பாருங்க. செலவு இல்லாதது முதல்ல, செலவு வைக்கிறது கடைசில.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

வண்டியை சமதளத்துல நிறுத்தி, தூக்காத வீலுக்கு முன்னயும் பின்னயும் கட்டை போடுங்க. ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும் தான், தூக்குனதுக்கு அப்புறம் ஸ்டாண்டு கண்டிப்பா வேணும், செங்கல் அடுக்காதீங்க, ஹாலோ பிளாக் கூட வேணாம், அது ஒரு தட்டுக்கு பொலபொலன்னு உடையும்.

அடுத்தது தூசி. டிரம்மை கழட்டுன உடனே உள்ள இருக்குற கருப்பு தூசியை ஏர் புடிச்சு ஊதுறது நம்ம ஊர்ல பல பட்டறையில வழக்கம். தயவு செஞ்சு விடாதீங்க. பழைய லைனிங்ல (ஷூ மேல இருக்குற உரசுற பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்த தூசி நுரையீரலுக்குள்ள போனா வெளிய வராது, கேன்சர் வரைக்கும் கொண்டு போய் விடும். மாஸ்க் போட்டுக்கிட்டு, ஈரத்துணியால துடைச்சு, அந்த துணியை கவர்ல கட்டி போட்டுடுங்க. பட்டறையில வேலை செய்ற பையனுக்கும் இதை சொல்லுங்க, அவன் தினமும் இதையே தான் சுவாசிக்கிறான்.

பெடல் ரொம்ப கீழ போகுது, ரெண்டு தடவை அடிச்சா மேல வருது

இது தான் எனக்கு அதிகமா வர்ற கேஸ். முதல் மிதில பெடல் பாதிக்கு மேல இறங்குது, உடனே இன்னொரு தடவை மிதிச்சா உசரமா, கெட்டியா நிக்குது. அப்படின்னா சிஸ்டம்ல காத்து இல்ல, லீக்கும் இல்ல, ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல இடைவெளி கூடிடுச்சு, அவ்ளோதான்.

ஒவ்வொரு வீலா தூக்குங்க. அட்ஜஸ்டர் சில வண்டியில பின் தட்டுல (டிரம்முக்கு பின்னாடி இருக்குற தட்டு) சதுர தலையோட நீட்டிட்டு இருக்கும், சிலதுல டிரம்ல இருக்குற ஓட்டை வழியா ஸ்க்ரூ டிரைவர் விட்டு திருப்பணும். வீல் லாக் ஆகுற வரைக்கும் டைட் பண்ணுங்க, அப்புறம் ஒவ்வொரு கிளிக்கா லூஸ் பண்ணி, வீல் கையால சுத்துனா "ஸ்ஸ்"னு லேசா உரசுற சத்தத்தோட சுத்தணும், அதுல நிறுத்துங்க. முன் வீல்ல ரெண்டு ஷூவுக்கும் தனித்தனி அட்ஜஸ்டர் இருக்குற வண்டிங்கள்ல ரெண்டையும் பண்ணணும், ஒன்னை மட்டும் பண்ணிட்டு "அட்ஜஸ்ட் பண்ணியாச்சு"ன்னு சொல்றவங்க நிறைய.

இங்க பலரும் விடுற ஒரு விஷயம்: அட்ஜஸ்ட் பண்ணி முடிச்சதும் பெடலை நல்லா அழுத்தி ஒரு மிதி மிதிங்க, ஷூ டிரம்முக்கு நடுவுல போய் உக்காரும், அப்ப மறுபடியும் இடைவெளி தெரியும், திரும்ப ஒரு தடவை அட்ஜஸ்ட் பண்ணுங்க. இந்த ரெண்டாவது ரவுண்டு இல்லாம பண்ணுனா ரெண்டே நாள்ல பெடல் பழையபடி இறங்கிடும்.

அட்ஜஸ்டர் கடைசி வரைக்கும் போயும் வீல் லாக் ஆகலன்னா லைனிங் தீர்ந்துடுச்சு. டிரம்மை கழட்டி பாருங்க. ரிவிட் தலைக்கு மேல லைனிங் ஒரு மில்லிமீட்டர் தான் மிச்சம்னா மாத்துற நேரம். ஷூவை கழட்டி கொண்டு போனா புது லைனிங் வச்சு ரிவிட் அடிச்சு குடுக்குற கடைங்க ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை பக்கம் இன்னும் இருக்கு. ஒரு வீலுக்கு மட்டும் மாத்தாதீங்க, முன்னாடின்னா முன் ரெண்டும், பின்னாடின்னா பின் ரெண்டும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது

ரெண்டாவது மிதில மேல வருது ஆனா கெட்டியா நிக்கல, கால் வச்சா ஸ்பாஞ்சு மாதிரி இருக்குன்னா உள்ள காத்து. காத்து எப்படி போச்சுன்னு முதல்ல யோசிங்க. பிரேக் ஆயில் குறைஞ்சு அதோட டேங்க் காலியாச்சா, எங்கயாவது லீக்கா, சமீபத்துல யாராவது லைனை கழட்டுனாங்களா. காரணம் தெரியாம ஏர் எடுத்தா (உள்ள இருக்குற காத்தை வெளியேத்துனா) அடுத்த வாரம் அதே கதை தான்.

ஏர் எடுக்குற வரிசை, மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து தூரமா இருக்குற வீல் முதல்ல. நம்ம ரைட் ஹேண்ட் டிரைவ் வண்டிக்கு பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஷூ எல்லாத்தையும் முதல்லயே டைட்டா அட்ஜஸ்ட் பண்ணிட்டு ஏர் எடுத்தா வீல் சிலிண்டர் (ஒவ்வொரு வீல்லயும் ஷூவை தள்ளுறது) பிஸ்டன் அதிகம் நகராது, காத்து சீக்கிரம் வெளிய வரும். முடிஞ்சதும் அட்ஜஸ்டரை சரியான இடத்துக்கு திரும்ப லூஸ் பண்ண மறக்காதீங்க.

எனக்கு பெடல் மிதிக்கிறது என் பொண்ணு தான். வீலுக்கு பின்னாடி இருக்குற, காத்து வெளியேத்துற நிப்பிள்ல டிரான்ஸ்பரண்ட் டியூப் மாட்டி, மறுமுனையை கொஞ்சம் பிரேக் ஆயில் ஊத்துன பாட்டில்ல முக்கி வச்சிடுவேன். "அமுக்கு மா"ம்பேன், அவ அமுக்குவா, நிப்பிளை திறப்பேன், முட்டை முட்டையா குமிழி வரும், நிப்பிளை மூடுனதுக்கு அப்புறம் தான் "விடு". "அப்பா, இப்ப விடவா?"ன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டு தான் காலை எடுப்பா. நிப்பிள் மூடுறதுக்கு முன்னாடி கால் எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிடும். நாலஞ்சு மிதிக்கு ஒரு தடவை டேங்க்ல ஆயில் இருக்கான்னு பாருங்க.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய மாஸ்டர் சிலிண்டர்ல பிஸ்டன் தினமும் போயிட்டு வர்ற இடம் மட்டும் தான் வழவழன்னு இருக்கும், அதுக்கு அங்கிட்டு துரு உக்காந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலை அடி வரைக்கும் மிதிச்சா ரப்பர் கப்பு அந்த துருல போய் கிழியும். காலைல வரைக்கும் நல்லா இருந்த மாஸ்டர் சிலிண்டர் சாயங்காலம் லீக் ஆகுறது இப்படி தான். பெடலுக்கு அடில ஒரு மரக்கட்டையை வச்சுட்டு மிதிக்க சொல்லுங்க.

ஆயில் டாட் 3 இல்ல டாட் 4, சீல் பண்ணுன டப்பா மட்டும். திறந்து ஆறு மாசமா அலமாரில கிடக்குறதை ஊத்தாதீங்க, அது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும், நம்ம ஊர் ஈரம் எப்படின்னு உங்களுக்கு தெரியும். புது டாட் 3 ஆயில் கொதிக்க குறைஞ்சது 205 டிகிரி வேணும், ஈரம் ஏறுனதுக்கு அப்புறம் அது 140 வரைக்கும் இறங்கலாம். டாட் 5னு சிலிகான் ஆயில் ஒன்னு இருக்கு, அதை இதோட கலக்கவே கூடாது. பெயிண்ட்ல ஒரு சொட்டு பட்டாலும் உடனே தண்ணி ஊத்தி கழுவுங்க, தோலை உரிச்சிடும்.

பெடல் மேல கால் வச்சிருந்தா மெதுவா இறங்குது

சிக்னல்ல நிக்கும்போது தெரியும். வண்டியை நிறுத்திட்டு பெடலை ஒரே அழுத்தமா ஒரு நிமிஷம் புடிச்சு பாருங்க. இறங்குதுன்னா ஆயில் எங்கயோ போகுது.

முதல்ல வெளிய பாருங்க. நாலு வீலோட பின் தட்டு, உள்பக்க டயர் சுவர், ஹோஸ் ஜாயிண்ட், அடியில ஓடுற ஸ்டீல் பைப். பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் இருக்குறவங்க அந்த ஸ்டீல் பைப்பை ரொம்ப கவனமா பாருங்க, உப்புக்காத்துக்கு கிளிப் இருக்குற இடத்துக்கு அடியில தான் துரு தின்னும், மேலோட்டமா பார்த்தா தெரியாது. சில வண்டியில மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலுக்கு அடில ஃப்ளோர்ல இருக்கும், கால் மேட்டை தூக்கி பார்த்தா தான் கசிவு தெரியும்.

வெளிய எங்கயும் ஈரம் இல்லன்னா, டேங்க் லெவலும் குறையலன்னா, அப்ப தான் மாஸ்டர் சிலிண்டர். உள்ள கப்பு தேஞ்சு ஆயில் பின்னாடி திரும்புது. போர் (சிலிண்டரோட உள் சுவர்) வழவழன்னு இருந்தா கிட் (ரப்பர் செட்) மாத்துனா போதும், நகத்தால தடவி பார்த்தா குழி தட்டுச்சுன்னா கிட் போட்டு பிரயோஜனம் இல்ல, முழுசா மாத்துங்க. எந்த ரப்பர் பார்ட்டையும் பெட்ரோல், டீசல், என்ஜின் ஆயில்ல கழுவாதீங்க, ரப்பர் ஊதி பெருசாகி ஜாம் ஆயிடும். பிரேக் ஆயில்லயே கழுவுங்க.

இந்த தலைப்பு உங்க வண்டிக்கு பொருந்துதுன்னா அதை ஓட்டி பட்டறைக்கு கொண்டு போகாதீங்க. இந்த வண்டிங்கள்ல பலதுலயும் ஹைட்ராலிக் ஒரே சர்க்யூட் (நாலு வீலுக்கும் ஒரே ஆயில் பாதை), ஒரு இடத்துல வெடிச்சா நாலு வீலும் போச்சு, மிச்சம் ஹேண்ட் பிரேக் மட்டும் தான். மெக்கானிக்கை வீட்டுக்கு வர சொல்லுங்க, இல்லன்னா டோ பண்ணுங்க.

பிரேக் அடிச்சா ஒரு பக்கமா இழுக்குது

முன் டயர் ரெண்டுலயும் காத்து செக் பண்ணுங்க. அப்புறம் முன் அட்ஜஸ்ட்மெண்ட் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. பாதி கேஸ் இதுலயே முடிஞ்சிடும்.

முடியலன்னா ஒன்னு புரிஞ்சுக்கோங்க: வண்டி இடது பக்கம் இழுத்தா இடது பிரேக் தான் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலும் வலது பக்கம் புடிக்கலன்னு அர்த்தம். எங்க தெருவுல ஒருத்தர் பத்மினில இடது பக்கம் இழுக்குதுன்னு இடது ஷூவை ரெண்டு தடவை மாத்திட்டாரு. நான் போய் வலது டிரம்மை கழட்டுனேன். வீல் சிலிண்டரோட ரப்பர் மூடியை ஸ்க்ரூ டிரைவர் நுனியால நெம்புனா, உள்ள இருந்து டிகாஷன் நிறத்துல ஒரு சொட்டு வந்துச்சு, பிஸ்டனை சுத்தி செங்கல் பொடி மாதிரி துரு. பெடலை மெதுவா மிதிக்க சொல்லி பார்த்தேன், ஒரு பிஸ்டன் நூல் அளவு கூட அசையல. ஒரு வீல் சிலிண்டர் மாத்துற வேலை, அதுக்கு ரெண்டு செட் இடது ஷூ வாங்கியாச்சு.

லைனிங்ல எண்ணெய் பட்டிருந்தாலும் இழுக்கும், இல்ல திடீர்னு கவ்வும். பின் வீல்ல ஈரம் பார்த்தீங்கன்னா விரல்ல தொட்டு மோந்து பாருங்க. கந்தக நாத்தம் அடிச்சு கொழகொழன்னு இருந்தா ஆக்சில் சீல் போய் கியர் ஆயில் வருது. தண்ணி மாதிரி மெல்லிசா வழுக்குனா பிரேக் ஆயில், அப்ப வீல் சிலிண்டர். முன் வீல்ல கெட்டியா இருந்தா பேரிங்குக்கு அடைச்ச கிரீஸ். முதல்ல கசிவை நிறுத்துங்க, அப்புறம் ஊறுன லைனிங்கை தூக்கி போடுங்க. அதை நெருப்புல காட்டி எண்ணெயை எரிச்சு திரும்ப போட்டு தர்றவங்க இருக்காங்க, ஒத்துக்காதீங்க, சூடேறுன உடனே உள்ள இருக்குற எண்ணெய் மறுபடியும் மேல வரும்.

ரிப்பேர் பண்ணி வந்ததுக்கு அப்புறம் முன் பிரேக் மொத்தமா வீக் ஆயிடுச்சா? முன் வீல்ல ரெண்டு சிலிண்டர் இருக்குற வண்டின்னா இடது, வலது மாத்தி மாட்டிட்டாங்களான்னு பாருங்க. அப்படி மாட்டுனா ரிவர்ஸ்ல தான் நல்லா புடிக்கும், முன்னாடி போகும்போது புடிக்காது. சரியா மாட்டுன வண்டியில இது தலைகீழா இருக்கும், ரிவர்ஸ்ல வர்றப்ப முன் பிரேக் கம்மியா தான் புடிக்கும், அது கோளாறு இல்ல.

பிரேக் விட மாட்டேங்குது, வீல் சுடுது

வண்டி உருளாம கனமா இருக்கு, நியூட்ரல்ல போட்டா சட்டுனு நிக்குது, மைலேஜ் குறையுது. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து புறங்கையை ஒவ்வொரு வீல் கிட்டயும் கொண்டு போங்க, தொட வேணாம், எது அனல் அடிக்குதுன்னு தெரிஞ்சிடும். சூடான டிரம்ல தண்ணி ஊத்தாதீங்க, வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

பின் ரெண்டு வீல் மட்டும் சுட்டா ஹேண்ட் பிரேக் கேபிள். உள்ள துரு புடிச்சு இழுத்தது திரும்ப வர மாட்டேங்குது.

நாலும் சுட்டா பெடல்ல சும்மா ஆடுற இடம் இருக்கான்னு விரலால அமுக்கி பாருங்க. கொஞ்சமாவது ஆடணும், அளவு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும். சுத்தமா ஆடலன்னா மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுசா பின்னாடி வரல, ஆயில் டேங்குக்கு திரும்புற ஓட்டை மூடியே இருக்கு, பெடலுக்கும் அந்த பிஸ்டனுக்கும் நடுவுல இருக்குற புஷ் ராடை அட்ஜஸ்ட் பண்ணா போதும்.

ஒரே வீல் மட்டும் சுட்டா இந்த டெஸ்ட் பண்ணுங்க. வீலை தூக்கி, அது இறுகி இருக்கும்போதே நிப்பிளை லேசா திறங்க. ஆயில் சீறி வந்து வீல் ஃப்ரீ ஆயிடுச்சுன்னா உள்ள பிரஷர் மாட்டிக்கிட்டு இருக்கு, அந்த வீலுக்கு போற ரப்பர் ஹோஸ் உள்ள வீங்கி ஆயிலை திரும்ப விடல. வெளிய பார்த்தா புதுசு மாதிரி தான் இருக்கும், நம்பாதீங்க, மாத்துங்க. நிப்பிள் திறந்தும் ஃப்ரீ ஆகலன்னா கோளாறு டிரம்முக்குள்ள: ஓவரா அட்ஜஸ்ட் பண்ணிருக்கலாம், ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பிஸ்டன் ஜாம் ஆயிருக்கலாம்.

சத்தம்

"கீச்"னு கத்துறது பெரும்பாலும் தூசி, இல்ல லைனிங் மேல கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறியிருக்கும். மாஸ்க்கோட, ஈரமா, உப்புத்தாள்ல லேசா தேச்சா போகும்.

"கர்ர்"னு இரும்பு உரசுற சத்தம் வேற விஷயம். ரிவிட் டிரம்மை அறுக்குது. ஓட்டுறதை அன்னிக்கே நிறுத்துங்க, லைனிங்கோட முடிய வேண்டிய செலவு டிரம்முக்கு போயிடும்.

பெடல் காலுக்கு அடியில துடிக்குது

டிரம் வட்டம் போயிடுச்சு. மெதுவா ஓட்டி லேசா பிரேக் அடிக்கும்போது பெடல் ஏறி இறங்குறது நல்லா தெரியும். இது வீட்டு வேலை இல்ல, டிரம்மை லேத்துக்கு கொண்டு போகணும். எவ்வளவு கடையலாம்னு பல டிரம்ல அளவு போட்டிருக்கும், பொதுவா விட்டத்துல ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது. ஒரு ஆக்சில்ல ரெண்டு டிரம்மையும் ஒரே அளவுக்கு கடைய சொல்லுங்க. கடைஞ்சதுக்கு அப்புறம் பழைய ஷூவோட வளைவு டிரம்மோட வளைவுக்கு சேராது, நடுவுல மட்டும் தான் தொடும், லைனிங் கடைக்காரர்கிட்ட டிரம்மையும் சேர்த்து குடுத்து வளைவு பார்த்து தேய்ச்சு தர சொல்லுங்க. ஏலகிரி, ஏற்காடுன்னு மலை இறங்கி வந்த சூட்டுல ஹேண்ட் பிரேக்கை இறுக்கி போட்டு நிறுத்துறதும் டிரம்முக்கு நல்லது இல்ல, கியர்ல போட்டு கட்டை வைங்க. இறங்கும்போது கியர் குறைச்சே இறங்குங்க, டிரம் டிஸ்க் மாதிரி சீக்கிரம் ஆறாது, சூடேறுனா பெடல் கெட்டியா இருக்கும் ஆனா வண்டி நிக்காது.

ஃப்ளைஓவர்ல ஹேண்ட் பிரேக் நிக்கல

கத்திபாரா ஏத்தத்துல டிராஃபிக்ல மாட்டுன அனுபவம் எல்லாருக்கும் இருக்கும். உடனே கேபிளை இறுக்குவாங்க, தப்பு. முதல்ல பின் ஷூ அட்ஜஸ்ட்மெண்ட், அதுக்கு அப்புறமும் லீவர் ரொம்ப மேல வந்தா மட்டும் தான் கேபிள். கேபிளை முதல்ல இறுக்குனா ஷூ பாதி இழுத்த மாதிரியே நிக்கும், அதுக்கு மேல ஷூ அட்ஜஸ்ட்மெண்டும் சரியா வராது.

மழைக்கு அப்புறம் பிரேக் இல்ல

வேளச்சேரி பக்கம் தேங்குன தண்ணில இறங்கி வந்தா டிரம்முக்குள்ள தண்ணி நிக்கும், மிதிச்சா வழுக்கும். வேகத்தை குறைச்சு, பின்னாடி வண்டி இல்லாத இடமா பார்த்து, ஓட்டிக்கிட்டே பெடலை லேசா விட்டு விட்டு அமுக்கிட்டு வாங்க, சூட்டுல காஞ்சிடும். மார்கழி காலைல எடுத்த உடனே முதல் ரெண்டு பிரேக் கவ்வுறது ராத்திரி ஈரத்துல டிரம்ல ஏறுன மேல் துரு, தானா போயிடும். ஆனா ஆக்சில் அளவுக்கு தண்ணில நின்ன வண்டின்னா நாலு டிரம்மையும் கழட்டி பார்த்தே ஆகணும், பேரிங் கிரீஸும் மாத்தணும்.

நான் 3000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஷூ அட்ஜஸ்ட் பண்றேன், மழை முடிஞ்சு தை மாசம் நாலு டிரம்மையும் திறக்குறேன், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை முழுசா மாத்துறேன். ஞாயித்துக்கிழமை வண்டி துடைக்கும்போது டேங்க் லெவல் பார்ப்பேன். ஷூவை ஒழுங்கா அட்ஜஸ்ட் பண்ணிட்டு வர்ற டிரம் வண்டியில லைனிங் தேயுறதால லெவல் பெருசா இறங்காது, இறங்குச்சுன்னா லீக் தான், மேல ஊத்திட்டு கிளம்பாதீங்க, எங்கன்னு தேடுங்க. ஆயில் மாத்துன தேதியை பானெட் உள்பக்கம் பெயிண்ட் மார்க்கர்ல எழுதி வைக்கிறேன், அப்பா கையெழுத்துல இருக்குற பழைய தேதிங்களுக்கு கீழ.